நான்கு வெள்ளைக் கற்களுக்குள் ஒரு காடு

செம்பூரின் விளிம்பில் மூடிப்போன கல் குவாரி. காலை ஒன்பதே கால். குழியில் மண் கொட்டிச் செடி நட்டு மூன்று வருடம் ஆயிற்று. நிலம் தழைத்துவிட்டதா என்று அளக்க இன்று ஓர் அதிகாரி வந்திருக்கிறார். அளப்பது ஒரே இடத்தைத்தான்: நான்கு வெள்ளைக் கற்கள் நட்ட சதுரம். அதற்குள் இடுப்பளவு பசுமை. சதுரத்தைத் தாண்டி இருபது அடி எடுத்துவைத்துப் பார்க்கிறேன். சரளையில் ஒரு புல் கூட இல்லை.

தண்ணீர் ஊற்றும் செல்வி, கோவண்டியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர், தண்ணீர் வழியும் பைப்பும் கையுமாக நிற்கிறார். அவரிடம் கேட்கிறேன்.

“வெளியே இருந்த செடிக்கெல்லாம் ஊத்தலையாம்மா?”

“கல்லுக்கு உள்ள மட்டும் ஊத்துன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு, அண்ணாச்சி. வெளிய நட்டது மொத வருசமே கருகிட்டு.”

“இன்னிக்கு பாஸ் ஆயிடும் போலிருக்கே.”

“ஆச்சுன்னா நாளைக்கு டேங்கர் வராது. எனக்கும் வேல கெடையாது. ஒழுங்கா ஊத்துனேம்லா, அதுக்கு.”

அதிகாரி நாடாவைச் சுருட்டிவிட்டுப் படிவத்தில் எழுதுகிறார். எழுதியதைப் பெருமையாக வாசித்தும் காட்டுகிறார்: செடிகள் பராமரிப்பின்றித் தாமாகவே வளர்கின்றன. அவருடைய பூட்ஸ் ஈர மண்ணில் பாதி புதைந்திருக்கிறது.

பிறகு கேமராவை எடுக்கிறார்.

“மௌஸி, பைப்பைத் தள்ளிப் போடுங்க. போட்டோவில் விழுது” என்கிறார் இந்தியில்.

செல்வி பைப்பை இழுத்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் போடுகிறார். மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சரளையில் பைப் தண்ணீர் ஓடுகிறது.