கதவுக்குப் பின்னால் ஒரு குசுகுசுப்பு

கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம் குடியிருக்கிறோம். பத்தாவது படிக்கும் என் மகள் நந்தினி எப்போதும் போனும் கையுமாகத்தான் இருப்பாள். பள்ளியிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ காலில் குசுகுசுவென்று பேசுவாள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். எவனோ இன்டர்நெட்டில் பிடித்து என் பெண்ணை மயக்குகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனால் அவள் பேசுவது வேகமான வங்காளம். கரியாஹாட்டில் புடவைக்குப் பேரம் பேசும் அளவுக்குத்தான் எனக்கு அது வரும்.

சும்மா விடுவேனா? நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளப் பெண்மணியை அழைத்துவந்து கதவோரம் நிறுத்தினேன். "யார் அவன்? என்ன சொல்றா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

கேட்கக் கேட்க பௌதியின் முகம் மாறியது. "பையன் இல்லை, கூடப் படிக்கிற பெண்தான்" என்றவள் மேலே சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை.

"அப்பா சாப்பிடும்போதும் போன்தான் பார்ப்பாராம். அம்மாவிடம் எதைச் சொன்னாலும், போனிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம், ம்' என்பாளாம். அதனால்தான் உன்னிடம் பேசுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் நந்தினி சொல்கிறாள்."

அப்போதும் என் கையில் போன் இருந்தது.

இப்போதெல்லாம் அவள் வரும் நேரத்துக்கு என் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுகிறேன். சாப்பாட்டு வேளையில் என் கணவருடைய போனும் அங்கேதான். முதல் நாள் வெறுங்கையோடு எதிரே உட்கார்ந்திருந்த என்னை நந்தினி மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சந்தேகமாகக் கேட்டாள்:

"என்னம்மா, போன் ரிப்பேரா?"