துடைப்பம் நிற்காத கதை

தமிழ்த்துறைத் தாழ்வாரத்தில் ஒரு நீள மேசை கிடந்தது. அதன்மேல் தாள்களை அடுக்கிவைத்து, ஆசிரியர் கோணி ஊசியால் தைப்பது இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆசிரியர் என்றால் வாத்தியார் இல்லை, எம்.ஏ. படிக்க வந்த பெண். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம். மாணவர்களே எழுதி, ஜெராக்ஸ் போட்டு, தைத்து நடத்திய இதழுக்கு அதுதான் ஆசிரியர். எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

நான் அங்கே பெருக்குகிறவள். எட்டாவது வரை படித்தேன். வந்த கதைகளை, எழுதியவர் பெயரைச் சொல்லாமல், நான் பெருக்கும்போது வாசிப்பார்கள். துடைப்பம் நின்றால் கதை இதழில் வரும். விளையாட்டாக ஆரம்பித்தது, சட்டமாகிவிட்டது.

"அக்கா நின்னுட்டாங்க, உள்ள போடு!"

"டேய், அவங்க தண்ணி குடிக்க நின்னாங்கடா. உன் கதைக்கு இல்ல."

நிற்காத கதை கூடைக்குப் போகும். கூடையைக் கொட்டிக் கொளுத்துவதும் என் வேலை.

ஒரு நாள் ஆசிரியரே ஒன்றை வாசித்தது. நடவு வயலில் ஒரு அம்மா. படிக்கப் போகும் மகள் பெட்டியோடு வரப்பில் நிற்கிறாள். அம்மா நிமிரவே இல்லை. நாற்றை ஊன்றிக்கொண்டே "போயிட்டு வா" என்கிறாள். என் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாள் எனக்கு வந்துவிட்டது. நின்றால் அழுதுவிடுவேன். குனிந்தபடியே பெருக்கினேன்.

"புடிக்கலையாக்கா?"

"தள்ளிக்க பாப்பா, பெருக்கணும்."

சிரித்துக்கொண்டே தாளைக் கூடையில் போட்டது.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனது. காய்ச்சல். திரும்பி வரவில்லை. இதழும் அதோடு நின்றது.

விடுதியில் பெட்டியை எடுக்க அதன் அம்மா வந்தார். காலெல்லாம் சேற்றுப்புண். என்னிடம்தான் கேட்டார்: "எம்பொண்ணு என்னப் பத்தி ஒரு கத எழுதுனேன்னு சொன்னிச்சும்மா. புஸ்தகத்துல வந்துருச்சா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்ட கதையைக் கேட்டபடி சொன்னேன்.

"நிமுந்தா அழுதுருவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்றார். புத்தகத்தைக் கேட்டார். தேடி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வேறு பிள்ளைகள். இதழை மறுபடி கொண்டு வருகிறார்கள். "அதோட வரலாறு ஒங்களுக்குத்தாங்க்கா தெரியும், எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதழ் வந்ததும் அந்த அம்மாவிடம் கொண்டுபோவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். கொளுத்தியது வரைக்கும்.