ஆரோக்கியமேரி அக்காவின் வாயாடிப்பூ

ஆரோக்கியமேரி அக்கா போய்விட்டார். இன்று காலை, எங்கள் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில். அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

தயவுசெய்து யாரும் கமெண்டில் "அமைதியாக ஓய்வெடுங்கள்" என்று போடாதீர்கள். அக்கா அமைதியாக இருந்த ஆள் கிடையாது... அதற்கே உங்களைத் திட்டியிருப்பார்.

எழுபதுகளில் நானும் அவரும் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டினோம். அடுத்தடுத்த நிரை. லயத்து வரிசை வீடுகளிலும் பக்கத்து வீடு.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை ஒரு வீடமைப்பு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். டிசம்பருக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி நோட்டீஸ் ஒட்டினார். எங்கே போவது? அதை யாரும் சொல்லவில்லை.

நாங்கள் எல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். அக்கா ஞாயிறு பூசை முடிந்ததும் தாப்பா டவுனுக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து குளிர் மலைக்கு. அவர் தம்பிக்கு மேலே பூந்தோட்டத்தில் வேலை.

திரும்பி வந்தபோது கையில் இரண்டு பொட்டலம் விதை. குளிர்காலப் பூவாம். பத்து காஜா வெயிலில்!

"எப்பக்கா பூக்கும்?"

"மழை மாசத்துல போட்டா மாசியில பூக்கும்."

"நாமதான் டிசம்பர்லயே போவணுமே?"

"அது கம்பெனிக்காரன் கணக்கு லா. செடிக்கு யாரு நோட்டீஸ் குடுத்தா?"

மிளகாய்த்தூள் மாதிரி பொடி விதை. மணலோடு கலந்து பால் டின்னில் தூவினார், மேலே மண் போட்டு மூடவில்லை. ஒரு பொட்டலம் பேன்சி. முளைத்த கொஞ்சமும் சுருண்டு செத்தது. லயமே சிரித்தது, நானும்தான்.

இன்னொரு பொட்டலம் பிழைத்தது. ஸ்நாப்டிராகன். பூவின் கன்னத்தை அமுக்கினால் வாயைத் திறக்கும். எங்கள் லயத்தில் அதற்கு வாயாடிப்பூ என்று பேர் வைத்தோம்... யாரை நினைத்து வைத்தோம் என்று சொல்லவே வேண்டாம்.

வீட்டுக்கு வீடு நாற்று கொடுத்தார். மத்தியான வெயிலுக்கு ஓலை வைக்கச் சொன்னார். "நுனியக் கிள்ளி விடுங்கடி, பாவம் பாக்காதீங்க. கிள்ளுனாத்தான் நாலு பக்கமும் கிளைக்கும்."

ஜனவரியில் கிராணி வந்து கத்தினார். "இன்னும் ஏன் போகல?"

"பூக்கட்டும் கிராணியாரே, அப்புறம் போறோம்" என்றார் அக்கா.

அடுத்த வீட்டில் கேட்டார். அதே பதில். கடைசி வீடு வரைக்கும் அதே பதில்தான்.

குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்கள். பழைய ஈயச்சுரங்கக் குட்டையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தோம். குளிக்க, துவைக்க, அப்புறம் செடிக்கு. அக்காவைத் திட்டிக்கொண்டேதான் சுமந்தேன்.

மாசியில் பூத்தது. வெள்ளை, மஞ்சள், ரத்தச் சிவப்பு... லயம் முழுக்க.

கம்பெனி மேனேஜர் காரில் வந்து இறங்கினார். நம்ம ஆள்தான், தமிழர். "சாந்தேக் லா! ரொம்ப அழகு! போகும்போது இதப் பிடுங்கிடாதீங்க. வீடு வாங்க ஆளுங்க பார்க்க வர்றாங்க, முன்னால அழகா இருக்கும்."

"சரிங்க சார்" என்றார் அக்கா. அவர் அப்படி அடக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மாற்று இடம் கேட்டுப் பார்த்தோம். கிடைக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் சொன்ன நாளில் நாங்கள் போகவில்லை. லாரி பிடித்தது நாங்கள், நாள் குறித்ததும் நாங்கள்.

லாரி வந்த காலையில் அக்கா பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"ஒரு மொட்டுகூட விடாதீங்கடி, அடியோட வெட்டுங்க!"

விடவில்லை. அத்தனை பெண்கள் தலையிலும் வாயாடிப்பூ. மிச்சத்தை லாரிக் கம்பியில் கட்டினோம். திரும்பிப் பார்த்தேன்... மண் மட்டும்தான் இருந்தது.

கடைத்தெருவில் லாரியைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார். "என்னா, கல்யாணமா?"

அக்கா மூட்டை மேல் நின்றுகொண்டு கத்தினார். "ஆமாண்ணே! உங்களுக்குச் சொல்ல மறந்துட்டோம்!"

அழுதுகொண்டிருந்த நான் அப்போதுதான் சிரித்தேன். போக இடமில்லாத ஜனம் நாங்கள். அன்றைக்கு ஒருத்தி தலையும் குனியவில்லை.

நாளை மதியம் அடக்கம்.

போய் வாங்க அக்கா. அங்கேயும் எவனாவது எந்திரிச்சுப் போன்னு சொன்னா... நகராதீங்க.