வாசலில் கிடந்த போட்

வத்தேகமயிலிருந்து பன்வில போகும் பாதையில், மேட்டில் இருக்கிறது எங்கள் வீடு. குழாயில் தண்ணீர் வருவதே பெரும்பாடு. அந்த வீட்டு வாசலில் ஒரு போட், அதுதான் படகு, கிடந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போகுமுன் வாங்கிப் போட்டது அது. ஒரே ஒரு வேலை எக்ரிமென்ட் முடித்துத் திரும்பி வந்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டப் போகிறாராம். எக்ரிமென்ட் முடிந்தது, இன்னொன்று வந்தது. ஒவ்வொரு முறை பேசும்போதும், "போட் நல்லா இருக்கா?" என்று கேட்பார். நான் நல்லா இருக்கிறேனா என்று கேட்பது அதற்குப் பிறகுதான். எரிச்சல் வரும். ஆனாலும் அந்தக் கேள்வி வந்துகொண்டிருக்கும்வரை மனுஷன் வருவார் என்று நம்பியிருந்தேன்.

போன மாதம் மகளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு விட்டுப்போனது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்த மறுநாளே சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. மாத்தயா, வந்து போட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். அடித்தட்டுக்குக் கீழே நின்ற மழைத்தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. இரண்டாவது முறை டெங்கு வந்தால் பிள்ளைக்கு ஆபத்து, உடனே தண்ணீரை இறக்குங்கள் என்று சொல்லிப் போனார்.

வாளியால் அள்ளினேன். தட்டுக்குக் கீழே வாளி போகாது. கவிழ்க்கலாம் என்றால் பத்து ஆம்பிளைகள் வேண்டும். பின்பக்கம், அடியில், தண்ணீர் வடிய விடும் பித்தளைத் திருகுமூடி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றினால் வேலை முடிந்தது. வயரிங் வேலை செய்யும் என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பிரேக் ஒயில் ஊற்றினான். நான் கொதிநீர் ஊற்றினேன். ரெஞ்சைப் போட்டு இரண்டு பேரும் தொங்கினோம். மூடியின் தலைதான் மழுங்கியது.

அப்போதுதான் நினைவு வந்தது. முதல் தடவை தண்ணீரில் இறக்கியபோது அந்த மூடி கசிந்து எல்லாரும் கேலி செய்தார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, இரும்பை ஒட்டும் பசையைத் திருகு முழுக்க அப்பி இறுக்கிவிட்டார் என் மகராசன். உள்ளே போன தண்ணீர் எப்படி வெளியே வரும் என்று யோசிக்க அவருக்கு எங்கே நேரம்!

"அக்கா, மூடியச் சுத்தி வெட்டித்தான் எடுக்கணும். வெட்டினா போட்டோட அடி வெடிச்சிரும். பொறகு இத தண்ணியில எறக்க ஏலாது. மச்சானக் கேட்டுக்க" என்றான் தம்பி.

எனக்குப் பயமாக இருந்தது. கத்துவார், என் கனவையே வெட்டப் போறியா என்பார். பதிலுக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் வீடியோ கோல் எடுத்தேன். மழுங்கிய மூடியைக் காட்டினேன்.

"வெட்டச் சொல்லு" என்றார்.

"என்னங்க, வெட்டினா போட் போயிரும்."

"போகட்டும். அத வச்சு என்ன செய்யப் போறோம்?"

"திரும்ப எக்ரிமென்ட்ல சைன் வச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னார், பிறகு, "புள்ளைக்குச் சாப்பாடு குடுத்தியா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

தம்பி வெட்டுகிற மெஷினைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தான். "வெட்டுடா" என்றேன். கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு வாசலெல்லாம் ஓடியது. நான் விளக்குமாற்றை எடுத்துத் தள்ளத் தொடங்கினேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து மகள் கேட்டாள்: "அம்மா, அப்பா ஏசினாரா?"

"இல்லடா" என்றேன். ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.