ஒரு பக்கத் திட்டு

இன்று மாட்டுங்கா பள்ளியில், தமிழ் வகுப்பில் நான் நடத்திய கதையில், வேலைக்காரி கோப்பையை உடைக்கிறாள். எஜமானி ஒரு பக்கம் முழுக்கத் திட்டுகிறாள்.

"இதை வேலைக்காரி சொல்வதுபோல எழுதுங்கள்" என்றேன். எல்லோரும் அவளை அழவிட்டார்கள்.

தாராவி செல்வி மட்டும், "அந்தம்மா என்னமோ ஏசிக்கிட்டே இருந்தாவ. குழாயில தண்ணி நின்னுருமேன்னு எனக்குக் கவலை" என்று எழுதியிருந்தாள்.

வக்கீல் மகள் ராதாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவு திட்டினாளே, அதெல்லாம் எங்கடி?"

"எங்கம்மைக்கு அதெல்லாம் காதுலயே விழாது."

செல்வியின் அம்மா வேலை பார்ப்பது ராதா வீட்டில்தான். வகுப்பே ராதாவைத் திரும்பிப் பார்த்தது.

ராதா சிரித்துவிட்டாள். "எங்காத்துல சொல்லிடாதேடி. அம்மா இன்னும் சத்தமாத் திட்டுவா."

டிராமில் ஏறியும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சரி, உங்கள் வீட்டில் வேலை செய்பவர் எழுதினால் உங்களுக்கு எத்தனை வரி கிடைக்கும்?