தண்டவாளம் போன பாதை

ஜப்பான்காரர்கள் மலாக்கா ரயில் பாதையைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோன பிறகும் என் கணவர் ரயில்வேக்காரராகவே இருந்தார். டிக்கெட் கொடுக்கும் வேலை. ரயிலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. தொப்பி மட்டும் இருந்தது. தண்டவாளத்தை முன்னால் அனுப்பிவிட்டு, அதைப் பதிக்க ஆள்களைப் பிடித்துப் பின்னால் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் எங்கள் ஊரான காஜா பேராங்கில் ஆண்கள் பெரிய சாலையில் தலைகாட்டுவதில்லை.

எனக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை மரவள்ளிக் கஞ்சியில் நாளுக்கு நாள் மெலிந்தாள். செங் என்ற ஊருக்கு அப்பால், குன்றின் மறுபக்கத் தோட்டத்தில் அக்காவின் மாடு கன்று போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. குழந்தையை வெயிலில் தூக்கிப் போகக் கூடாது என்று பள்ளியில் சுகாதாரப் பாடம் படித்திருந்தேன். பால் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பாடத்தில் இல்லை. போகலாமா, வேண்டாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் நானும் அவரும் பெரிய சாலையை விட்டு, கம்பிச்சடக்கு என்று நாங்கள் சொல்லும் ரயில் பாதை வழியே நடந்தோம்.

குன்றை வெட்டிய இடம் வந்தது. இருபுறமும் செம்மண் சுவர். நடுவே சரளைக்கல், சிலிப்பர் கட்டைகள் கிடந்த பள்ளங்கள், அவற்றில் முளைத்த லாலாங் புல். நான் நடுவில் நடந்தேன்.

"ஏய், ஓரமா வா. கம்பிச்சடக்குல நடக்கக் கூடாது."

"ஏங்க, கம்பியே இல்லையே?"

"கம்பி போனா சட்டமும் போயிருமா? பயணிங்க அதுல கால் வைக்கக் கூடாது."

"நாமதான் டிக்கெட்டே எடுக்கலையே."

"அது அதவிடக் குத்தம்."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கத்தில் நானும் ஓரத்துக் கால்வாயில் இறங்கினேன். முள் சேலையைக் கிழித்தது. வளைவில் அவர் கையை நீட்டி என்னை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தார். வெட்கமாக இருக்கிறது, நானும் பார்த்தேன்.

அப்போதுதான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த குழந்தையின் அழுகை நின்றது. தலை என் தோளில் துவண்டு கிடந்தது. நான் மேலே ஏறி, பாதையின் நடுவில் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"ஏய், வண்டி வந்தா?"

"வந்தா நிறுத்துங்க, ஏறிக்கறேன்!"

அக்கா எங்களைப் பார்த்ததும், "தம்பி, என்ன முள்ளுல புரண்டுட்டு வர்றீங்க?" என்றாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

காய்ச்சிய பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டினேன். குழந்தை துப்பினாள். மறுபடியும் துப்பினாள். இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா?

"அடியே, உன் மகளுக்கு ஜப்பான்காரன் காலத்து நாக்கு. பால்னா என்னன்னே தெரியல," என்று சொல்லிக்கொண்டே அக்கா மரவள்ளிக் கஞ்சியைக் கரைத்துப் பாலில் கலந்தாள்.

முதல் மடக்கு உள்ளே போனது. அடுத்ததற்கு அவளே வாயைத் திறந்தாள். சூடு போதுமா, கஞ்சி கூடிவிட்டதா, மெதுவாகக் கொடுக்கலாமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.