விழுப்புரம் கோலில் திண்டிவனத்துப் பேட்

1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை; ஈஸ்வர வருஷம் தை 24. காலை 11.20 பாசஞ்சருக்காகத் திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றேன். விழுப்புரத்துக்கு இருபத்துமூன்று மைல். மூன்றாம் வகுப்பு ஆறரை அணா. கையில் ஒரு கோணிப்பை. அதற்குள் எங்கள் ஹாக்கி கிளப்பின் கோல்கீப்பர் காலில் கட்டும் பேட் ஒரு ஜோடி. கிளப் பெட்டியின் சாவியும் ஆட்டக் குறிப்பு நோட்டும் என் பொறுப்பு. கேப்டனுக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

காரணம் இது. முந்தைய ஞாயிறு அரையிறுதியில் விழுப்புரம் ரயில்வே அணி எங்களை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. அதே ஆட்டத்தில் அவர்களுடைய கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது. அப்படி நேர்ந்தால் தோற்ற அணியிலிருந்து ஒருவரை இரவல் வாங்குவது அந்தப் போட்டியில் வழக்கம். கடலூரோடு ஆடும் இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் கேட்டது எங்கள் கோல்கீப்பர் சவரிமுத்துவை. "ஆள் போகலாம். பேட் கிளப் சொத்து, அது போகாது" என்று எங்கள் கேப்டன் சொல்லிவிட்டார். விழுப்புரத்துப் பேட்டோ குள்ளமான ஆளுக்கு வாங்கியது. ஆறடிச் சவரிமுத்துவுக்கு முழங்காலை எட்டாது.

சவரிமுத்து ஒலக்கூர்ப் பக்கத்துக்காரர். மல்லாட்டை மில்லில் நிலக்கடலை மூட்டை தூக்குகிறவர். வெள்ளிக்கிழமை மில் வாசலில் என்னிடம் சொன்னார்: "நல்லா ஆடினா விழுப்புரம் லோகோ ஷெட்டுல எஞ்சின் தொடைக்கிற கலாசி வேலைங்க சார். போர்மன் தொரையே சொல்லிக்கீறாரு. மல்லாட்டை சீசன் முடிஞ்சா மில்லுல யாரு என்னை வெச்சுக்கினு இருப்பாங்க?" பேட்டை அவர் கேட்கவில்லை.

எனக்கு இன்னொரு ஆவலும் இருந்தது. சொந்த ஊர் ஆள் எதிரணிக் கோலில் நின்றால் நம் வாய் யாருக்காகக் கத்தும்?

எதிர்ப் பலகையில் எங்கள் ஊர் மல்லாட்டை வியாபாரி கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். மயிலம் தாண்டியதும் கோணியைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மல்லாட்டையா?"

"கொஞ்சம் சாமான். நீங்க?"

"பைனலுக்குத்தான். கடலூர்க்காரன் பக்கம் கத்தப் போறேன். நம்மளத் தோக்கடிச்சவன் தோக்கறதப் பாக்க ஆறரை அணா என்னா, ஒரு ரூபாயே குடுக்கலாம்!"

பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். கோணியைக் காலுக்கு அடியில் தள்ளிக்கொண்டேன்.

12.40க்கு விழுப்புரம். மைதானம் லோகோ ஷெட்டுக்குப் பின்னால். தரை முழுக்க எஞ்சின் கரித்தூளைக் கொட்டி உருளை ஓட்டி இறுக்கியிருந்தார்கள். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தேன். எங்கள் செம்மண்ணைவிடக் கெட்டி. இதில் பந்து சறுக்கிக்கொண்டு வரும். கோல் கம்பத்தருகே குட்டைப் பேட்டை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் சவரிமுத்து. கோணியை அவிழ்த்தேன்.

"கேப்டன் குடுத்தாரா சார்?"

பேட்டை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

"ஐயோ, உங்களுக்கு பேஜாரா பூடுமே!"

"அதை நான் பார்த்துக்கறேன். ஜல்தியா கட்டுங்க."

4.30க்கு ஆட்டம். முதல் பாதியில் கோல் இல்லை. பிற்பாதியில் விழுப்புரம் ஒன்று போட்டது. முதலில் "சவரி! சவரி!" என்று மட்டும் கத்தினேன். எப்போது "விழுப்புரம்!" என்று மாறினேன் என்று எனக்கே தெரியாது. நேரம் குறிக்க மறந்தது அந்த ஒன்றைத்தான்.

"ஏன் சார், நீங்க எந்த ஊரு தண்ணி குடிக்கிறீங்க?" என்றார் பக்கத்தில் நின்ற கோவிந்தசாமி.

5.41க்குக் கடலூருக்கு ஒரு ஷார்ட் கார்னர், கோலுக்குக் கிட்டத்திலிருந்து அடிக்கும் வாய்ப்பு. ஓங்கி அடித்த பந்து நேராகச் சவரிமுத்துவின் வலது முழங்காலுக்கு வந்தது, குட்டைப் பேட் எட்டாத இடம். சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. பந்து எகிறி வெளியே போயிற்று. சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"நம்ம ஆளுய்யா அவன்!" என்று கத்தினார் கோவிந்தசாமி. பிறகு என்னைப் பார்த்துவிட்டு இருமினார்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. போர்மன் துரை சவரிமுத்துவின் தோளில் தட்டி, புதன்கிழமை காலை ஷெட்டுக்கு வரச் சொன்னார். சவரிமுத்து பேட்டை அவிழ்த்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இனிமே இங்கதாங்க. அடுத்த வருஷம் நீங்க ஆட வந்தா ஒரு கோலு உடமாட்டேன் சார், சொல்லிட்டேன்" என்று சிரித்தார்.

"உட்டாத்தான் எனக்குக் கோவம் வரும்" என்றேன்.

திரும்பும் ரயில் 6.50க்கு. வண்டி விளக்கில் பேட்டைப் பிரித்துப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. எங்கள் மைதானத்தில் செம்மண்தான் ஒட்டும். கேப்டன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். துண்டை நனைத்து இடது பேட்டைத் துடைத்தேன். விக்கிரவாண்டி வருவதற்குள் பாதி வெளுத்தது. வலது பேட்டை எடுத்தேன். முழங்காலுக்கு நேரே கரிக்கு நடுவில், பந்தின் வெள்ளைப் பூச்சு வட்டமாகப் பதிந்திருந்தது.

துண்டை மடித்து வைத்துவிட்டேன்.

திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து கேப்டன் வீடு இரண்டு பர்லாங். வண்டி நின்றதும், பேட்டைப் பார்த்துக் கேப்டன் திருப்பிக் கேட்டால் உடனே கொடுப்பதற்குத் தோதாக, பெட்டிச் சாவியை மடியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.